புதிய கணக்கியல் தரநிலை வந்தால் ஒரு நிறுவனத்தின் நிதி அறிக்கையில் என்ன மாறும்?

தொழில் மாறாது, எண்கள் மாறும். குத்தகைக்கான ஐ.எஃப்.ஆர்.எஸ். (சர்வதேச நிதி அறிக்கையிடல் தரநிலைகள்) 16 தரநிலையையே எடுத்துக்கொள்வோம். அது 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை குத்தகைக்கு எடுத்த கட்டடங்களும் விமானங்களும் பெரும்பாலும் வாடகைச் செலவாக மட்டுமே தெரிந்தன. நிறுவனத்தின் சொத்துகளையும் கடன்களையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் தலைகாட்டவில்லை. இப்போது 12 மாதங்களுக்கு உட்பட்டவை, மதிப்பு குறைந்தவை தவிர மற்றவற்றைச் சொத்தாகவும் கடனாகவும் பதிய வேண்டும்.

ஐந்தாண்டுக் குத்தகை, ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் வாடகை 100, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பதியும் கடன் சுமார் 379, அதாவது ஐந்து வாடகைகளின் இன்றைய மதிப்பு. சொத்தும் அதே அளவுதான். முதலாண்டில் தேய்மானம் (சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு) 76, கடன் மீதான வட்டி 38. ஆக, 100 இருந்த இடத்தில் செலவு 114. கடைசி ஆண்டில் அது 85 ஆக இறங்கிவிடும். மொத்தம் என்னவோ அதே 500தான். கையிலிருந்து போகும் பணத்தில் ஒரு காசும் மாறாது.

வேடிக்கை என்னவென்றால், வாடகைச் செலவு மறைவதால் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் கூடிவிடும். அதைப் பார்த்து மகிழும் முன் கடன்-பங்கு விகிதத்தையும் (உரிமையாளர்களின் மூலதனத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு என்பதை) பாருங்கள், அது ஏறியிருக்கும். வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் அந்த விகிதத்துக்கு உச்சவரம்பு இருந்தால், வங்கியுடன் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. முந்தைய ஆண்டு எண்களைத் திருத்தாமல் விடவும் இந்தத் தரநிலை அனுமதித்தது. எனவே 2018, 2019 அறிக்கைகளை ஒப்பிடுபவர்கள் முதலில் அடிக்குறிப்புகளைப் படிக்க வேண்டும்.