வருகைத்தாளில் உள்ள பெயர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கணினி இயக்குபவராகத் தற்காலிகப் பணியில் இருக்கிறேன். முதுகலைத் தமிழ் படித்தவள். காலையில் மேஸ்திரிகள் கொண்டுவரும் வருகைத்தாளைக் கணினியில் ஏற்றுவது, எத்தனை பேட்டரி வண்டிகள் ஓடின, மக்கும் குப்பை எவ்வளவு, மக்காத குப்பை எவ்வளவு என்று பதிவது, புகார் மனுக்களுக்குப் பதில் தட்டச்சு செய்வது, மாதக் கடைசியில் ஒப்பந்ததாரரின் பில்லுக்குப் பட்டியல் தயாரிப்பது ஆகியவை என் வேலை. எடை இயந்திரம் பழுதானால் போன மாதத்துச் சராசரியைப் போடச் சொல்கிறார்கள், போட்டுவிடுகிறேன். வருகைத்தாளில் பெயர்கள் நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். கண்ணில் பட்டதை அப்படியே அடித்துவிடுவேன். குப்பை அள்ளுகிறவர்களின் உழைப்பும் எனக்கில்லை, முடிவெடுக்கும் அதிகாரமும் எனக்கில்லை. நான் வெறும் டைப் அடிக்கிறவள். இந்த வேலையில் இருந்துகொண்டு கதை எழுத முடியுமா, அல்லது பெங்களூருக்குப் போய் வேறு வேலை தேடுவது நல்லதா? தூய்மை நகரங்களின் தரவரிசை பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள அம்மா,

தரவரிசையை முதலில் ஒதுக்கிவிடுவோம். 2016இல் 73 நகரங்களோடு தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் எத்தனையாவது இடத்துக்கு வந்தாலும், நாளை விடியற்காலையில் துடைப்பத்தோடு தெருவில் இறங்கப்போகிறவர்கள் அதே பெண்கள்தாம். எனக்கு அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். பெங்களூரைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. ஓசூரைத் தாண்டிப் போய்ப் பிழைப்பது நம் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல, போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் எனக்குக் கோபம் வந்தது. எடையைப் பற்றியது ஒன்று. நம் நாட்டில் குப்பைக்கு ஒரு விதிமுறை தானாக வந்துவிடவில்லை. அல்மித்ரா படேல் என்ற பெண்மணி 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாகவே 2000ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. அவற்றின் இடத்தில் 2016இல் வந்த விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்து வாங்கச் சொன்னதோடு, ஒவ்வோர் உள்ளாட்சியும் ஆண்டுதோறும் படிவத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் வகுத்தன. அந்தக் கணக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், அங்கிருந்து மத்திய வாரியத்துக்கும் போகிறது. இத்தனை பேர் நம்பிப் படிக்கப்போகும் எண்ணின் அடியில் நீங்கள் இட்ட போன மாதத்துச் சராசரி கிடக்கிறது.

சராசரி போடுவதால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மே முதல் ஜூலை வரை மாம்பழக் காலம். கடைத்தெருவிலும் வீடுகளிலும் தோலும் கொட்டையும் குவிந்து மக்கும் குப்பையின் எடை ஏறும். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்துவிட்டால் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஆயுத பூசைக்கு மறுநாள் பூசணியும் வாழையும், ஐப்பசி மழையில் நனைந்து ஊறிய குப்பையும் வண்டியை அழுத்துகின்றன. அந்த நாட்களில் அதே ஆட்கள், அதே வண்டிகளில், கூடுதல் பாரத்தைத் தள்ளுகிறார்கள். நீங்கள் சராசரியைப் போட்டதும் அந்தப் பாரம் தாளிலிருந்து மறைந்துவிடுகிறது. தாளில் இல்லாத பாரத்துக்காகக் கூடுதல் வண்டியோ கூடுதல் ஆளோ எந்த அதிகாரியிடமும் கேட்க முடியாது. இயந்திரம் பழுதென்றால் ‘பழுது, எடை எடுக்கப்படவில்லை’ என்று தேதியோடு எழுதுங்கள். அதை யாராவது தடுத்தால், தடுத்ததையும் கோப்பில் குறிப்பாக எழுதுங்கள்.

இரண்டாவது இடத்தை நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள். பெயர்கள் நாளுக்கு ஒரு விதமாக இருக்கும், கண்ணில் பட்டதை அடித்துவிடுவேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள். தமிழ் படித்தவரான நீங்கள் ஒரு பெயரை இப்படி எழுதலாமா? நம் பக்கத்தில் மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதம்மாள் என்று ஒரே வேரிலிருந்து வந்த பெயர்கள் தெருவுக்கு நான்கு உண்டு. முன்னெழுத்தும் தகப்பன் பெயரும் இல்லாமல் எழுதினால் யார் வந்தார், யார் வரவில்லை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண்மணி ஒரு பேரூராட்சியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பல ஆண்டுகள் தெருக் கூட்டியவர். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு, அவருடைய வருங்கால வைப்புநிதிக்காக அவரோடு சில மாதங்களாக அலைந்துகொண்டிருக்கிறேன். ஆதாரில் ‘அம்மாள்’ என்று முடியும் அவர் பெயர், வைப்புநிதிக் கணக்கில் கடைசி எழுத்துக் குறைந்து ‘அம்மா’ என்று முடிகிறது. பிறந்த ஆண்டும் வேறு. இவருடைய கணக்கில் இதைத் திருத்துவதற்கு வேலை கொடுத்தவரும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திட்ட விண்ணப்பம் வேண்டும். வேலை கொடுத்த ஒப்பந்ததாரரோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தொழிலாளி எத்தனை இடம் மாறினாலும் ஒரே எண்ணே தொடர வேண்டும் என்பதற்காக 2014இல் யு.ஏ.என். என்ற பொதுக் கணக்கு எண் வந்தது; ஆனால் ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் பழைய எண்ணைத் தேடச் சோம்பி இவருக்குப் புதிய எண் போட்டிருக்கிறார்கள். மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். இவருடைய பணிக்காலம் மூன்று எண்களில் சிதறிக் கிடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பத்தைத் தொடவில்லை, ஒன்றுசேர்க்கலாம் என்றால் பெயர் ஒத்துப்போகவில்லை.

அந்த அலுவலகத்தில் பழைய மஸ்டர் கட்டுகளை, அதாவது வருகைப் பதிவேடுகளை, எடுத்துப் பார்க்க அனுமதித்தார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அவர் பெயர் பாதியாகவோ பிழையாகவோ இருந்தது. ஓர் ஆண்டின் பதிவேட்டில் மட்டும் யாரோ ஓர் எழுத்தர் அவருடைய முழுப்பெயரையும் கணவர் பெயரையும் வார்டு எண்ணையும் பிறந்த தேதியையும் பன்னிரண்டு மாதமும் மாறாமல் எழுதியிருந்தார். இன்று அந்தப் பெண்மணியின் கையில் உள்ள ஒரே ஆதாரம் அந்தப் பதிவேட்டின் நகல்தான். அந்த எழுத்தரும் உங்களைப் போலக் குப்பையைத் தொடாதவர், எதையும் முடிவெடுக்காதவர். அவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் வணங்குவேன்.

அதிகாரம் இல்லை என்றா எழுதினீர்கள்? தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஆண்டை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அரையாண்டில் 78 நாட்களுக்குச் சந்தா சேர்ந்திருந்தால்தான் பின்னால் நோய்வாய்ப்படும்போது ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, பணமாகக் கிடைக்கும். வந்தவரை நீங்கள் ஒரு நாள் வராதவராகப் பதிந்தால் 78 என்பது 77 ஆகிவிடும். ஆணையரும் தலைவரும் நினைத்தாலும் இவ்வளவு எளிதாக ஒரு தொழிலாளியின் நோய்க்காலக் கஞ்சியைப் பறிக்க முடியாது. உங்கள் ஒரு விரலால் முடியும். டைப் அடிக்கிறவள் என்று இனி எனக்கு எழுதாதீர்கள்.

அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள், அலுவலகத்துக்கு என்ன பொறுப்பு என்று உங்கள் பிரிவில் சொல்வார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். ஒப்பந்ததாரர் மூலம் வைத்த ஆட்களுக்கும் சந்தா கட்டப்படுவதை உறுதிசெய்வது முதன்மை வேலையளிப்பவரின், அதாவது உங்கள் அலுவலகத்தின், பொறுப்பு என்று வைப்புநிதித் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பில் உங்கள் மேசை வழியாகப் போகும்போது, பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன மாதச் சந்தா கட்டிய ரசீது பின்னால் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைக் குறிப்பில் எழுதி மேலே அனுப்புங்கள். கையெழுத்திடுகிறவர் அதைப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டியிருக்கும்.

நீங்களும் தற்காலிகப் பணியில்தான் இருக்கிறீர்கள். உங்கள் வைப்புநிதிக் கணக்கில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். குறைந்த சம்பளத்துக்கு நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் எரிய வீட்டுக்குப் போகிற உங்களிடம் இன்னும் ஒரு வேலையைச் சுமத்துகிறேன் என்று தெரிகிறது. சுமத்தத்தான் செய்கிறேன், உங்களைத் தவிர அந்த அறையில் இதைச் செய்யக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

ஒரு வாரம் காலையில் ஆறு மணிக்கு முன்னால், மேஸ்திரி வருகை எடுக்கும் இடத்துக்கே போங்கள். ஒவ்வொருவரையும் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி, பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, வார்டு, யு.ஏ.என்., ஈ.எஸ்.ஐ. எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒருமுறை சரியாக எழுதிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தம் பெயரின் பிழையை அவர்கள் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிழையுள்ள கணக்குகளை, இப்போதிருக்கும் ஒப்பந்ததாரர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, அவரிடம் கையெழுத்து வாங்கித் திருத்த அனுப்புங்கள். அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கோப்பைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். கதைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்.