கிணறு வெட்டினா பூதம், தோட்டத்தைத் தோண்டினா ஆயில் டேங்க்: வீடு வாங்குறவங்க கேள்வி பதில்

ஸ்பிரிங் வந்துட்டா போதும், நம்ம ஆளுங்க சனி ஞாயிறு ஓப்பன் ஹவுஸ்னு கிளம்பிடுறாங்க. இந்த முறை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம், ஜெனரல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணியாச்சு, அதுக்கு மேல அதைப் பாரு இதைப் பாருன்னு தனித்தனியா காசு கேக்குறாங்களே அவசியமாங்கிறதுதான். கீழ நான் சொல்ற விலை எல்லாம் நம்ம நியூ ஜெர்சி பக்கம் சுமாரா கேக்குறது, டவுனுக்கு டவுன் கூடும் குறையும், மூணு பேர்கிட்ட கோட் (எவ்வளவு ஆகும்னு எழுதின விலை) வாங்கிப் பாத்துட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க.

கேள்வி: எடிசன்ல 1961ல கட்டின ஸ்பிளிட் லெவல் வீட்டுக்கு எங்க ஆஃபரை அக்செப்ட் பண்ணிட்டாங்க சார். ஜெனரல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு 600 டாலர் கொடுத்தாச்சு. இப்ப ஏஜென்ட் ஆயில் டேங்க், சீவர் கேமரா, ரேடான், டெர்மைட்னு லிஸ்ட் நீட்டுறாங்க, இன்னும் 900 டாலர் கிட்ட வருது. எங்க வீட்டுக்காரர் எல்லாம் தண்டச் செலவுங்கிறார். எதை விடலாம்? (வாசகி, எடிசன்)

வீட்டுக்காரர்னு நீங்க சொன்னது உங்க கணவரைன்னு எடுத்துக்கிறேன், வீட்டை விக்கிறவரா இருந்தா அவர் அப்படித்தான் சொல்லுவார்!

ஜெனரல் இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியறதை, கை எட்டுறதை மட்டும்தான் பாப்பார், சுவரை உடைக்க மாட்டார், மண்ணைத் தோண்ட மாட்டார், அவர் வேலை அவ்வளவுதான், அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா பெரிய செலவு வைக்கிறதெல்லாம் அவர் கண்ணு போகாத இடத்துலதான் ஒளிஞ்சிருக்கும். அதுக்காக எல்லா டெஸ்ட்டும் எல்லா வீட்டுக்கும் வேணுமான்னா வேணாம், வீட்டோட வயசையும் அது நிக்கிற மண்ணையும் பாத்து எடுக்கணும்.

உங்களோடது 1961, அதனால முதல்ல ஆயில் டேங்க். அந்தக் காலத்துல இங்க நிறைய வீட்டுக்கு ஹீட்டிங் ஆயில்தான், இரும்பு டேங்கை தோட்டத்துல புதைச்சு வச்சிருப்பாங்க, அப்புறம் தெருவுக்கு கேஸ் லைன் வந்ததும் அதுக்கு மாறிட்டாங்க, டேங்க் மட்டும் மண்ணுக்குள்ளயே கிடக்கும். இப்ப இருக்கிற ஓனருக்கே தெரியாம இருக்கலாம். அது துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து எண்ணெய் இறங்கியிருந்தா கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதைதான். டேங்கை எடுக்க மட்டும்னா 2,000, 3,000 டாலர்ல முடியும், எண்ணெய் கலந்த மண்ணை அள்ளி லாரில ஏத்த ஆரம்பிச்சா கணக்கு பத்தாயிரக்கணக்குல போகும், நிலத்தடித் தண்ணி வரைக்கும் இறங்கியிருந்தா அதுக்கும் மேல. சாதாரண ஹோம் இன்ஷூரன்ஸ் இதைப் பெரும்பாலும் தொடவே தொடாது, க்ளோசிங் (வீடு உங்க பேருக்கு மாறுறது) முடிஞ்சு சாவி உங்க கைக்கு வந்தா பூதமும் உங்களோடதுதான். இதைக் கண்டுபிடிக்க டேங்க் ஸ்வீப்னு மெட்டல் டிடெக்டர் வச்சு தோட்டத்தைச் சுத்தி வருவாங்க, 200லருந்து 300 டாலர், ஒரு மணி நேர வேலை. டேங்க் இருந்துதுன்னா விக்கிறவர் செலவுல க்ளோசிங்குக்கு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. "அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு"ன்னு சொன்னா வாய்வார்த்தையை நம்பாதீங்க, டவுன் ஆபீஸ்ல எடுத்த பர்மிட் இருக்கணும், கசிவு இருந்திருந்தா ஸ்டேட் டிஈபி (சுற்றுச்சூழல் துறை), இனி செய்ய ஒன்னும் இல்லன்னு கொடுத்த நோ ஃபர்தர் ஆக்‌ஷன் லெட்டரும் இருக்கணும்.

ரெண்டாவது சீவர் கேமரா, அதாவது சாக்கடை பைப்புக்குள்ள கேமரா விட்டுப் பாக்குறது, இதுல நானே அடிபட்டவன். 2006ல முதல் வீடு வாங்கினப்ப இதை விட்டு 250 டாலர் மிச்சம் பிடிச்சு பெரிய சாமர்த்தியசாலின்னு நினைச்சுக்கிட்டேன். அடுத்த பொங்கலுக்கு வீட்டுல இருபது பேர், குக்கரும் பாத்திரமும் பாத்ரூமும் ஓயாம ஓடுது, பேஸ்மென்ட் ட்ரெய்ன்லருந்து கறுப்பா தண்ணி பொங்கி வருது. பால் பொங்குச்சான்னு ஊர்லருந்து அம்மா போன்ல கேக்குறாங்க, நான் என்னத்தைச் சொல்ல! பழைய சுட்டமண் பைப், ஒவ்வொரு ஜாயின்ட்லயும் முன்னாடி நிக்கிற மேப்பிள் மரத்தோட வேர் நுழைஞ்சிருக்கு. முதல்ல ஸ்னேக்னு நீளக் கம்பி விட்டு 350, மூணு மாசத்துல திரும்ப அடைச்சு வேகமா தண்ணி பீச்சுற ஜெட்டிங் 600, கடைசில தோண்டி மாத்தினது 9,000. பெரும்பாலான டவுன்ல வீட்டுலருந்து தெருவுல இருக்கிற மெயின் லைன் வரைக்கும் பைப் நம்ம பொறுப்புதான், டவுன்காரங்க வர மாட்டாங்க. உங்க வீட்டு வயசுக்கு சுட்டமண்ணோ காஸ்ட் அயர்னோ இருக்கும், இல்லேன்னா ஆரஞ்சுபர்க்னு தார்ல ஊறவச்ச காகிதக்கூழ் பைப்கூட இருக்கலாம். காகிதத்துல சாக்கடை பைப் செஞ்ச புண்ணியவான்களை என்ன சொல்றது, அது நாள்பட நசுங்கி முட்டை மாதிரி ஆயிடும். கேமரா வீடியோவைக் கண்டிப்பா கையில வாங்கி வச்சுக்கங்க, பேரம் பேச அதை விட நல்ல சாட்சி கிடையாது.

டெர்மைட், அதாவது கரையான், 100 டாலர் சமாச்சாரம், மரத்தால கட்டின வீட்டுல அதைப் போய் விடுவாங்களா. ரேடானுக்கு அடுத்த கேள்வியைப் படிங்க. ஆக உங்க லிஸ்ட்ல விடறதுக்கு ஒன்னும் இல்ல, வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கேள்வி: ரேடான் டெஸ்ட்ல 6.2 வந்திருக்கு அண்ணா. விக்கிறவங்க ஏஜென்ட் "பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்து வச்சா போயிடும், இங்க எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்"ங்கிறாங்க. சின்னக் குழந்தை இருக்கு, பயமா இருக்கு. வீட்டை விட்டுடலாமா? (வாசகர், ஃப்ளெமிங்டன்)

விட வேணாம் தம்பி. லிஸ்ட்லயே சரிபண்ண சுலபமான ஐட்டம் இதுதான்.

மண்ணுலயும் பாறையிலயும் இருக்கிற யுரேனியம் சிதையும்போது வர்ற வாயு ரேடான், நிறம் கிடையாது வாசம் கிடையாது, பேஸ்மென்ட் தரையில இருக்கிற விரிசல் வழியா மேல ஏறி வீட்டுக்குள்ள தங்கிடும். இந்தப் பிரச்சினை ஊருக்குத் தெரிய வந்த கதையே சுவாரஸ்யம். 1984 டிசம்பர்ல பென்சில்வேனியா லிமரிக் அணுமின் நிலையத்துல வேலை பாத்த ஸ்டான்லி வாட்ராஸ்ங்கிற என்ஜினியர் வாசலைத் தாண்டினாலே கதிர்வீச்சு அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்த நிலையம் அப்ப மின்சாரம் தயாரிக்கவே ஆரம்பிக்கல, பின்ன எங்கருந்து ஒட்டுதுன்னு தேடினா அவர் வீட்டுலருந்து! லிட்டருக்கு 2,700 பிக்கோக்யூரி கிட்ட இருந்துச்சாம். அவர் வீட்டுக்குக் கீழ இருந்த பாறைத் தொடர் பென்சில்வேனியாலருந்து நம்ம ஸ்டேட் வடக்குப் பக்கமா போகுது, ரெண்டு வருஷத்துக்குள்ள உங்க கவுன்ட்டி கிளின்டன்லயும் வரிசையா வீடுகள்ல அதிகமா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஈபிஏ (மத்திய அரசோட சுற்றுச்சூழல் அமைப்பு) சொல்ற அளவு இதே கணக்குல 4, அதுக்கு மேல போனா சரிபண்ணுங்கிறாங்க, 2லருந்து 4க்குள்ள இருந்தாலும் யோசிங்கங்கிறாங்க. சிகரெட்டுக்கு அடுத்தபடியா நுரையீரல் கேன்சருக்குக் காரணம் இதுதான், வருஷத்துக்கு 21,000 பேர் அமெரிக்காவுல சாகுறாங்கன்னு அவங்க கணக்கு. அதனால "எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்"ங்கிறது பதில் இல்ல. ஜன்னல் வைத்தியமும் ஜனவரி குளிர்ல நடக்காது.

தீர்வு என்னன்னா தரையில ஓட்டை போட்டு கான்கிரீட்டுக்குக் கீழருந்து ஒரு பிவிசி பைப்பைக் கூரைக்கு மேல வரைக்கும் கொண்டு போய் நடுவுல ஒரு ஃபேன் வச்சு உறிஞ்சி வெளிய விடுவாங்க. 1,200லருந்து 2,500 டாலருக்குள்ள முடியும், ஒரே நாள் வேலை. ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கங்க. ஃபேன் பேஸ்மென்ட்டுக்குள்ள இருக்கக் கூடாது, ஆட்டிக்லயோ வெளியிலயோதான் இருக்கணும், ஏன்னா ஃபேனுக்கு மேல பைப்ல லீக் ஆனா வாயு வீட்டுக்குள்ளயே கொட்டும். இன்னொன்னு, போட்ட பிறகு திரும்ப டெஸ்ட் பண்ணி 4க்குக் கீழ வந்த ரிப்போர்ட் கையில இருக்கணும். ஆமா, முதல் டெஸ்ட் நடந்த 48 மணி நேரமும், அதுக்கு முன்னாடி 12 மணி நேரமும் ஜன்னல் எல்லாம் மூடியிருந்துச்சா? திறந்து விட்டுட்டு 6.2ன்னா நிஜ அளவு இன்னும் கூட இருக்கும்.

கேள்வி: எலெக்ட்ரிக் பேனல் ஃபெடரல் பசிபிக், மாத்தணும்னு ரிப்போர்ட்ல இருக்கு. விக்கிறவர் "நானே என் ஆளை வச்சு மாத்தித் தரேன்"ங்கிறார். சரின்னு சொல்லலாமா இல்ல காசா கேக்கணுமா? (வாசகர், பார்சிப்பனி)

காசா கேளுங்க. அந்தக் கம்பெனியோட ஸ்டாப்-லாக் பிரேக்கர்ல லோடு ஏறினா ட்ரிப் ஆகாம இருக்கிற கோளாறு ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம், நாப்பது வருஷமா இந்த வீட்ல ஒன்னும் ஆகலையேன்னு அவர் சொன்னாலும் மாத்தித்தான் ஆகணும், 2,500லருந்து 4,000 ஆகும், சில இன்ஷூரன்ஸ் கம்பெனி இந்தப் பேனல் இருந்தா பாலிசியே தர மாட்டேங்குது. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவர் உங்களுக்காக நல்ல எலெக்ட்ரிஷியனைத் தேடுவாரா, மலிவான எலெக்ட்ரிஷியனைத் தேடுவாரா? லைசென்ஸ் உள்ள ஆள்கிட்ட எழுதி வாங்கின கொட்டேஷனை அட்டர்னிகிட்ட கொடுங்க, க்ளோசிங்ல கிரெடிட்டா, அதாவது கணக்குல கழிச்சுத் தரச் சொல்லி, அவர் லெட்டர் போடுவார். எவ்வளவு கிரெடிட் வரைக்கும் உங்க லோன்ல ஒத்துக்குவாங்கன்னு லெண்டரை முன்னாடியே கேட்டுக்கங்க, அதுக்கும் வரம்பு இருக்கு. ஒரு விஷயம், லெட்டர்ல பேனல், ஆயில் டேங்க், சீவர் மாதிரி பெரிசை மட்டும் கேளுங்க. கதவு கிறீச்சுங்குது, பாத்ரூம் டைல்ல கீறல்னு முப்பது ஐட்டம் எழுதினா விக்கிறவர் கடுப்பாகி பெரிசுக்கும் சேத்து கையை விரிச்சுடுவார், ஒருத்தருக்கு அப்படி டீல் உடைஞ்சதை பக்கத்துல இருந்து பாத்தேன்.

கேள்வி: நாங்க புத்தம் புது டவுன்ஹோம் புக் பண்ணியிருக்கோம், டவுன் இன்ஸ்பெக்டரே வந்து பாக்குறாரே, தனியா எதுக்கு? (வாசகி, மன்ரோ)

டவுன் இன்ஸ்பெக்டர் பில்டிங் கோடுக்கு (கட்டட விதிக்கு) ஒத்து வருதான்னு பாப்பார், சைடிங் நேரா இருக்கா, ஷவர் பான் சரியா உக்காந்திருக்கா, ஆட்டிக்ல இன்சுலேஷன் மூலை வரைக்கும் போயிருக்கான்னு நின்னு பாக்க அவருக்கு நேரம் கிடையாது. ட்ரைவால் மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆள் வச்சுப் பாருங்க, 300, 400 டாலர் ஆகும், பில்டர் அனுமதி கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்கிடுங்க. அப்புறம் பதினோராவது மாசம் இன்னொரு தடவை. ஏன் பதினொன்னுன்னா நம்ம ஸ்டேட் புது வீட்டு வாரண்டில வேலைப்பாட்டுக்கு ஒரு வருஷம், பிளம்பிங் எலெக்ட்ரிக் மாதிரி சிஸ்டத்துக்கு 2 வருஷம், பெரிய கட்டுமானக் குறைக்கு 10 வருஷம். முதல் வருஷம் முடிஞ்சு ஒரு நாள் கழிச்சுப் போனா பில்டர் ரொம்ப மரியாதையா அனுப்பி வச்சுடுவார்.

கேள்வி: ஃபயர்பிளேஸ் இருக்கு, எப்பவாவதுதான் எரிப்போம், சிம்னிக்குத் தனி இன்ஸ்பெக்‌ஷன் வேணுமா? (வாசகர், பிரின்ஸ்டன்)

வீடு கைமாறும்போது லெவல் 2ன்னு கேமரா விட்டுப் பாக்கணும்னு தீ பாதுகாப்பு விதியே இருக்கு, 250லருந்து 500 டாலர். உள்ள இருக்கிற சுட்டமண் லைனர்ல விரிசல் விட்டிருந்தா லைனர் மாத்த 3,000, 4,000னு ஆகும், எப்பவாவது எரிக்கிறதுக்கு அவ்வளவு எதுக்குன்னு தோணினா எரிக்காதீங்க, முன்னாடி ஒரு குத்துவிளக்கை வச்சு கொலு மேடை ஆக்கிடுங்க. எங்க வீட்ல பத்து வருஷமா அப்படித்தான்.

கேள்வி: ஊர்லருந்து வந்திருக்கிற அப்பா ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தட்டித் தட்டிப் பாத்து "இது என்னடா அட்டைப் பெட்டி"ங்கிறார், ஏஜென்ட் முன்னாடி மானம் போகுது. (வாசகர், ஜெர்சி சிட்டி)

அப்பாவை ஒன்னும் சொல்லாதீங்க, வீடு பாக்கப் போகும்போது கூட்டிட்டே போங்க. பேஸ்மென்ட்டுக்குள்ள காலை வச்சதும் "ஓத வாடை வருதே"ன்னு முதல்ல சொல்றது அவராத்தான் இருப்பார். அப்படிச் சொன்னா சுவரோரத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கான்னு குனிஞ்சு பாருங்க, வெளிய போய் கூரைத் தண்ணி இறங்குற பைப் வீட்டு அஸ்திவாரத்துலயே கொட்டுதான்னு பாருங்க. பாதி பேஸ்மென்ட் ஈரத்துக்கு அதுதான் காரணம், 20 டாலருக்கு எக்ஸ்டென்ஷன் பைப் வாங்கி ஆறடி தள்ளி விட்டா தீரும். அதை விட்டுட்டு உள்ள ட்ரெய்ன் போடணும், தேங்குற தண்ணியை வெளிய தள்ளுற சம்ப் பம்ப் வைக்கணும்னு 12,000 டாலருக்குக் கோட் எழுதுற கம்பெனிக்கு முதல் போனைப் போடாதீங்க.