யார் பக்கத்துக் குறை? மரபணு குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரபணு பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "இது யார் வழியில் வந்தது?" என்றுதான் கேட்கின்றன. வீட்டில் அந்தக் கேள்வியை எழுப்புபவர் ஒருவர், கடிதம் எழுதுபவர் வேறொருவர். எழுதுபவர் பெரும்பாலும் அந்த வீட்டு மருமகளாக இருக்கிறார். இம்முறை அத்தகைய கடிதங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: உடலில் எல்லாச் செல்களிலும் அதே 46 குரோமோசோம்கள்தான் என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் கண்ணில் உள்ள செல் ஏன் இன்சுலின் சுரப்பதில்லை?
*– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்*

இன்சுலினுக்கான மரபணு கண்ணிலும் இருக்கிறது. அங்கே அது வாசிக்கப்படுவதில்லை, அவ்வளவுதான்.

மரபணுக்களைச் சுமக்கும் டி.என்.ஏ. இழைகளான குரோமோசோம்களில் 11ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குட்டைக் கையின் நுனியருகே இன்சுலின் மரபணு இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, அதே கையில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உருவாக்கும் மரபணு இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் ஒரே செல்லில் வேலை செய்வதில்லை. கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் மரபணு இரவும் பகலும் வாசிக்கப்படுகிறது, ஹீமோகுளோபின் மரபணு மூடிக்கிடக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்லில் இதற்கு நேர்மாறு. கண்ணின் விழித்திரைச் செல்லில் இரண்டுமே மூடியிருக்கும், ஒளியை உணரும் புரதங்களுக்கான மரபணுக்கள் திறந்திருக்கும்.

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒட்டவைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அவ்வளவும் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டு உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய பகுதியை, மரபணுவைப் படியெடுக்கும் நொதிகளால் நெருங்க முடியாது. எந்தப் பகுதி தளர வேண்டும், எங்கே படியெடுக்கத் தொடங்க வேண்டும் என்பதை வேறு சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. கருவில் செல்கள் பெருகும்போதே இந்தப் புரதங்களின் கலவை இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. சுமார் 20,000 புரத மரபணுக்கள் எல்லோருக்கும் பொது. கண்ணையும் கணையத்தையும் வேறாக்குவது எவை திறந்திருக்கின்றன என்பதே.

உங்கள் பாடத்தில் உள்ள "எல்லா" என்ற சொல்லுக்கு விலக்குகளும் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. விந்தணுவிலும் கருமுட்டையிலும் 23 குரோமோசோம்கள்தான்.

கேள்வி: எனக்கு இரண்டும் பெண் குழந்தைகள். "உன் வயிற்றுக்கு ஆண் வாரிசு தங்காது" என்கிறார் மாமியார். மூன்றாவது ஆணாகப் பிறக்கச் சிறப்பு உணவு இருக்கிறது என்று சொல்கிறார்கள், உண்மையா?
*– வாசகி, தருமபுரி*

இல்லை, அம்மா. அப்படி ஓர் உணவும் இல்லை, நாளும் இல்லை, மருந்தும் இல்லை.

உங்கள் கருமுட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கிறது. உங்களிடம் ஒய் குரோமோசோமே கிடையாது, இல்லாததை நீங்கள் தரவும் முடியாது, தடுக்கவும் முடியாது. உங்கள் கணவரின் விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமக்கின்றன. ஒய்யில் எஸ்.ஆர்.ஒய். என்றொரு மரபணு உண்டு. 1990இல் கண்டறியப்பட்டது. கருவுக்கு ஆறு, ஏழு வாரம் ஆகும்வரை ஆண், பெண் இரண்டின் இனப்பெருக்கச் சுரப்பியும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தச் சமயத்தில் இந்த மரபணு வேலையைத் தொடங்கினால் விந்தகம் உருவாகிறது. தொடங்காவிட்டால் சூலகம். பாலினம் விந்தணுவைச் சார்ந்தது என்பதை அமெரிக்க விஞ்ஞானி நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இலேயே மாவுப்புழுக்களை ஆராய்ந்து காட்டிவிட்டார். நூற்றாண்டு தாண்டியும் பழி உங்கள் தலையில் விழுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

இதை வைத்துக் கணவரையும் குறை சொல்லாதீர்கள். எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. முதல் இரண்டும் பெண் என்பதால் மூன்றாவது ஆணாகும் வாய்ப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதற்காக யாரும் உங்களை ஸ்கேன் மையத்துக்கு அழைத்துச் செல்ல இடம் தராதீர்கள்.

கேள்வி: அத்தை மகனுக்கு என்னைப் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கும் விருப்பம்தான். சொந்தத்தில் கட்டினால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். என்ன சோதனை செய்துகொள்ளலாம்?
*– வாசகி, மதுரை மாவட்டம்*

பயமுறுத்தலும் தவறு, "நம் முன்னோர் செய்யாததா" என்று தள்ளிவிடுவதும் தவறு.

உறவே இல்லாத தம்பதிக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 3 குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறை இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் இது 5 முதல் 6 வரை போகலாம். அதாவது பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன, ஆனால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தாய்மாமனை மணந்தால் ஆபத்து இன்னும் கூடும். காரணம் எளிது: அத்தை மகனும் நீங்களும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறீர்கள், தாய்மாமனுடன் நான்கில் ஒரு பங்கு. நம் ஒவ்வொருவரிடமும் பழுதான மரபணுக்கள் சில உண்டு. தாய் தந்த பிரதியும் தந்தை தந்த பிரதியுமாக எல்லாமே இரண்டிரண்டு இருப்பதால், நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தாவிடம் இருந்த ஒரே பழுது, அத்தை வழியே அவருக்கும் அப்பா வழியே உங்களுக்கும் வந்திருந்தால், குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக அமைய இடமுண்டு.

சோதனைக்கு முன்பு பாட்டியிடம் உட்கார்ந்து மூன்று தலைமுறையைக் கேட்டு எழுதுங்கள். பிறந்து சில மாதங்களில் இறந்த குழந்தைகள், காது கேளாதவர், வளர்ச்சி குன்றியவர், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் என்று ஒருவரையும் விடாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கும் பெயர்தான் பலமுறை துப்பாக அமைகிறது. தாத்தா பாட்டியும் சொந்தத்தில் மணந்தவர்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது கணக்கை மாற்றும்.

அடுத்து, இருவரும் முழு ரத்த எண்ணிக்கைச் சோதனையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் செய்யுங்கள். இது, ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தசோகையான தலசீமியாவுக்காக. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டவில்லை, சிவப்பணுவின் சராசரி அளவு 65 போலக் குறைவு, ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை மட்டும் அதிகம் என்று ஓர் அறிக்கை வந்தால், எங்கள் கண் நேராக ஹீமோகுளோபின் ஏ2 என்ற வரிக்குப் போகும். 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர், அதாவது பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவர் என்று சந்தேகிப்போம். கேரியருக்கு நோய் இல்லை, அவர் நலமாகவே வாழ்வார். இருவரும் கேரியர் என்றால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு கடுமையான நோய்க்கு உண்டு. அப்போதும் வழி அடைபடுவதில்லை: கருவிலேயே சோதித்து அறியலாம். இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைச் சற்றுக் கீழே இழுக்கும் என்பதால், எல்லையோரத்தில் உள்ள அறிக்கையை மருத்துவரிடம் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள்.

குழந்தை பிறந்தவுடன் செவித்திறன் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிறவிச் செவிட்டுத்தன்மையை முதல் சில மாதங்களில் கண்டுவிட்டால் பேச்சைக் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: என் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரியவில்லை. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை.
*– வாசகர், திருநெல்வேலி*

மனைவியின் அப்பாவையும் அண்ணன் தம்பிகளையும் சோதித்துப் பாருங்கள். இந்த மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. நீங்கள் மகனுக்குக் கொடுத்தது ஒய், ஆகவே இது உங்கள் வழியில் வரவே முடியாது. தாய்க்கு எக்ஸ் இரண்டு என்பதால் அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கும். வண்ணம் பார்க்கும் வேலைகள் சிலவற்றைத் தவிர அவன் வாழ்க்கைக்கு இதனால் இடையூறு இல்லை. மனைவியிடம் இதைக் குற்றச்சாட்டாகக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் குரோமோசோமுக்கும் தொடர்பு உண்டா?
*– விவசாயி, தேனி*

உண்டு. காட்டு வாழையில் குரோமோசோம் 22, பதினொன்று பதினொன்றாக இரண்டு தொகுதிகள். நாம் பயிரிடும் பூவன், நேந்திரன், கற்பூரவல்லி, ரொபஸ்டா எல்லாவற்றிலும் மூன்று தொகுதிகள், மொத்தம் 33. இனப்பெருக்கச் செல் உருவாகும்போது தொகுதிகள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. நெய்ப்பூவன் இதற்கு விலக்கு: அதில் 22தான், ஆனால் இரண்டு தொகுதியும் வெவ்வேறு காட்டினங்களிலிருந்து வந்தவை. விதையில்லாமல் பக்கக்கன்றில் பெருக்குவதால் ஒரு தோட்டத்து மரங்கள் எல்லாம் மரபில் ஒன்றே. ஒரு மரத்தை வீழ்த்தும் வாடல் நோய் அத்தனையையும் வீழ்த்துவது இதனால்தான்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் ஓ பாசிட்டிவ். ஒன்பது வயது மகனுக்கு ஏ பாசிட்டிவ் என்று பள்ளி முகாமில் சொன்னார்கள். உறவினர் ஒருவர் இதை வைத்து என் மனைவியைப் பற்றித் தவறாகப் பேசுகிறார். என் மனம் குழம்புகிறது.
*– பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்*

முதலில் அந்த உறவினரின் வாயை மூடச் சொல்லுங்கள். பிறகு மூவரும் ஒரு நல்ல ரத்த வங்கிக்குப் போய் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். முகாம்களில் ஒரு துளி ரத்தத்தை அட்டையில் வைத்து அவசரமாகப் பார்க்கிறார்கள். தவறு அங்கேயே இருக்கலாம். பலவீனமான ஏ வகை, ஓ என்று பதிவாகிவிடுவதும் உண்டு.

மறுசோதனையிலும் மாறவில்லை என்றால் இன்னொரு காரணம் இருக்கிறது. 1952இல் மும்பையில் பெண்டே குழுவினர் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன பாம்பே ரத்த வகை அது. ஏ, பி அடையாளங்கள் சிவப்பணுவின் மேல் நேரடியாக ஒட்டுவதில்லை. எச் என்ற அடித்தளப் பொருள் முதலில் இருக்க வேண்டும், அதன் மேல்தான் அவை கட்டப்படுகின்றன. எச்சை உருவாக்கும் மரபணு 19ஆவது குரோமோசோமிலும், ஏ, பி, ஓ மரபணு 9ஆவது குரோமோசோமிலும் இருக்கின்றன. எச் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதான ஒருவரிடம் ஏ மரபணு நல்ல நிலையில் இருந்தாலும், ஏ அடையாளம் வெளிப்படாது. சாதாரணச் சோதனையில் அவர் ஓ போலவே தெரிவார். அவர் அந்த ஏயைக் குழந்தைக்குக் கொடுத்து, துணைவர் நல்ல எச்சைக் கொடுத்தால், குழந்தைக்கு ஏ வகை அமையும். உங்கள் வீட்டுக் கணக்கு இப்படி நேராகிவிடும்.

இது அரிது. ஆனால் சோதிக்கக் காரணம் மானப் பிரச்சினை மட்டுமல்ல. பாம்பே வகைக்காரருக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, ஏனெனில் அவர் ரத்தத்தில் எச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. இன்னொரு பாம்பே வகைக்காரரின் ரத்தம் மட்டுமே சேரும். உங்கள் இருவரின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) ஓ சிவப்பணுக்களுடன் கலந்து பார்க்கச் சொல்லுங்கள், கட்டித்தால் அதுதான். மனைவியிடம் போய் உட்கார்ந்து, "நம் இருவரில் ஒருவருக்கு அரிய ரத்த வகை இருக்கலாம்" என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். வேறு எந்த வார்த்தையும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். கிரகணத்தில் வெளியே போனேன் என்கிறார்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?
*– வாசகி, காஞ்சிபுரம்*

கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நீங்கள் சாப்பிட்டதற்கும் செய்ததற்கும்கூட இல்லை.

உங்கள் கருமுட்டைகள் நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவாகி, பிரிதலைத் தொடங்கி, பாதியில் நின்று காத்திருந்தவை. அந்தப் பிரிதல் நிறைவடையும்போது 21ஆவது குரோமோசோம் ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், குழந்தைக்கு 21ஆவது மூன்றாகிவிடும், அதுதான் டவுன் சிண்ட்ரோம். வயது கூடக்கூட இது கூடுகிறது: 35இல் ஏறத்தாழ 350 பிரசவங்களில் ஒன்று, 40இல் 100இல் ஒன்று. இளவயதில் அரிதே, ஆனால் இளம் தாய்மாருக்கே பிரசவங்கள் அதிகம் என்பதால் உங்களைப் போன்றவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

அடுத்த குழந்தையைப் பற்றிச் சொல்ல, முதல் குழந்தையின் குரோமோசோம் அறிக்கை வேண்டும். தனியாக ஒரு 21 கூடியிருந்தால், 100இல் 95 பேருக்கு அப்படித்தான், மறுபடி வரும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம். கூடுதலான 21ஆவது குரோமோசோம் 14ஆவது போன்ற வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் கணவருக்கும் சோதனை அவசியம். பெற்றோரில் ஒருவர் அந்த ஒட்டைச் சுமக்கலாம், அப்போது கணக்கே வேறு. அடுத்த கர்ப்பத்தில் 10 வாரத்திலிருந்து தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. சோதனை செய்யலாம். அது வடிகட்டும் சோதனைதான், உறுதி செய்யப் பனிக்குட நீர்ச் சோதனை வேண்டும்.

இருக்கும் குழந்தையை மறந்துவிடாதீர்கள். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்தாயிற்றா? இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கிறது, பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. தைராய்டையும் ஆண்டுதோறும் பாருங்கள். இயன்முறைப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: என் மகளின் குரோமோசோம் சோதனை இயல்பு என்று வந்துவிட்டது. இனி மரபணு நோய் எதுவும் இல்லை என்று நம்பலாமா?
*– வாசகர், நீலகிரி*

நம்ப முடியாது. அந்தச் சோதனையில் வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் தறுவாயில் கோல்சிசின் வகை மருந்தால் நிறுத்தி, நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். நம் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே கோல்சிசின். எண்ணிக்கை தெரியும், பெரிய துண்டு உடைந்திருந்தால் தெரியும். டி.என்.ஏ. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது; ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளுக்குக் குறைவான மாற்றம் கண்ணில் படாது.

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அரிவாள் செல் சோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்தசோகை) முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து: பீட்டா குளோபின் மரபணுவில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. குரோமோசோம் சோதனையில் அது இயல்பு என்றே வரும், ஹீமோகுளோபின் பகுப்பாய்வில் பளிச்சென்று தெரியும். மகளுக்கு எந்த அறிகுறிக்காக அந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தார்கள் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்து எந்தச் சோதனை வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.