யூதர்களின் லீப் ஆண்டில் அதார் மாதம் இரண்டு முறை வரும். அப்படியானால் அந்த மாதத்தில் வரும் பூரிம், அதாவது பாரசீகத்தில் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் விழா, இரண்டு முறை வருமா?

வராது. ஆனால் முதல் அதாரிலும் அதன் சாயல் இருக்கிறது. அந்த நாளுக்குப் பூரிம் கட்டான், அதாவது சின்ன பூரிம் என்று பெயர்.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அப்படியே விட்டால், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பஸ்கா விழா வசந்தத்தைவிட்டு நகர்ந்துவிடும். அதனால் 19 ஆண்டுகளில் 7 முறை அதார் மாதம் இரண்டாகிறது. சரி, பூரிம் எதில்? இரண்டாவதில். ஒரு மீட்பை இன்னொரு மீட்போடு ஒட்டி வைக்க வேண்டும் என்கிறது யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூத். பூரிமுக்கு அடுத்த மாதமே பஸ்கா. எனக்கு மிகவும் பிடித்த காரணம் இது.

முதல் அதார் 14 அன்று, பூரிம் கதையைச் சொல்லும் எஸ்தர் சுருளை வாசிப்பதில்லை, ஏழைகளுக்கான பூரிம் கொடையும் கடமையில்லை. ஆனால் நோன்பு கூடாது, இரங்கல் உரை கூடாது, தினசரி வழிபாட்டில் தஹனூன் என்ற மன்றாட்டையும் விட்டுவிடுவார்கள். கூடவே கொஞ்சம் நல்ல சாப்பாடு. 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகர ரபி (யூத மதகுரு) மோசே இசர்லஸ், இதற்கு "மனரம்மியமோ நித்தியவிருந்து" என்ற நீதிமொழியைத்தான் ஆதாரம் காட்டினார். சட்டமாகத் திணிக்காமல் மனசுக்கு விட்டது அழகு.

அடுத்தது 2027 பிப்ரவரி 21. பெரிய பூரிம் மார்ச் 23.