பண்டிகை நாளில் நடக்கும் பழைய தன்பாலீர்ப்புப் படம் எதையாவது மறுபடி பார்த்து உங்கள் கருத்து மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. மாறுவதற்கு 20 வருஷம் ஆனது.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் டிசம்பர் கடைசியில் ஊருக்குப் போகாமல் அறையில் தனியாக இருப்பவர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

நான் சொல்லும் படம் ‘சம் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் ஆர்’. 1971இல் வந்த அமெரிக்கப் படம். எழுதி இயக்கியவர் மெர்வின் நெல்சன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, நியூயார்க்கில் ‘ப்ளூ ஜே’ என்ற பாரில் நடக்கும் கதை. வீட்டில் இடமில்லாத ஆண்கள், வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்த ஆண்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்டே அவர்களைக் குத்திப் பேசும் ஒரு பெண். நியூயார்க்கின் ஸ்டோன்வால் பாரில் போலீஸ் ரெய்டு வந்தபோது தன்பாலீர்ப்பாளர்கள் எதிர்த்து நின்ற ஸ்டோன்வால் கலவரம் நடந்து 2 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் இப்படிப்பட்ட பார்களைப் பெரும்பாலும் மாஃபியா ஆட்கள்தான் நடத்தினார்கள், போலீஸுக்கு மாமூல் போகும். தன்பாலீர்ப்பு மனநோய் என்றே டாக்டர்களின் பட்டியலில் இருந்தது. அதை நீக்க 1973 ஆனது.

முதல் முறை நான் பார்த்தது 2004 தீபாவளி அன்று. சென்னையில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை. காலை 7 மணி டூட்டி. நடுவில் அம்மா போன் பண்ணி, “அடுத்த வருஷம் உனக்குத் தலை தீபாவளியா இருக்கணும்பா” என்றார். “சரிம்மா” என்று வைத்துவிட்டு, எதிரே நின்ற கெஸ்ட்டுக்கு ரூம் சாவி கொடுத்தேன். சாயங்காலம் ஹோட்டலில் கொடுத்த அரைக் கிலோ ஸ்வீட் பாக்கெட்டோடு சூளைமேட்டில் நண்பன் அறைக்குப் போனேன். நாலு பேர் இருந்தோம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவு அப்போது முழுசாக அமலில் இருந்த காலம், அதனால் கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் படித்த ஒருவன் சிடியில் எழுதிக் கொண்டுவந்த படம் அது. பிரதி மோசம், இருட்டில் பாதி முகம் தெரியாது.

நடுவில் ஒரு அம்மா அந்தப் பாருக்குள்ளேயே வந்து பெற்ற மகனை இனி வேண்டாம் என்று உதறிவிட்டுப் போவார். எனக்கு அதோடு போதும் போதும் என்று ஆகிவிட்டது. “நம்மளக் கேவலப்படுத்தத்தான் இத எடுத்திருக்கானுங்க, நிறுத்துடா” என்று கத்தினேன். மற்ற இருவரும் நான் சொன்னதைத்தான் சொன்னார்கள்.

நாலாவது ஆள் ஒரு திருநங்கை. எங்களுக்கெல்லாம் அக்கா. அவர் மட்டும் டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கத்தி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, “தம்பி, அந்தப் பொண்ணு ஆடுறத இன்னொரு தடவ போடு” என்றார். கரென் என்ற பாத்திரத்தில் கேண்டி டார்லிங் நடித்திருப்பார், அவரே திருநங்கைதான். ஒரு ஆளோடு ஆடுவார். அப்புறம் உண்மை தெரிந்து அவன் அடிப்பான். “அடி வாங்குறது வேணாம், ஆடுறதோட நிறுத்திடு” என்றார் அக்கா. அன்றைக்கு மூன்று முறை போட்டோம். ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கோபம் தலைக்கேறியிருந்ததால் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

போன டிசம்பரில் கொஞ்சம் தெளிவான பிரதி கிடைத்து மறுபடி பார்த்தேன். முன்னே சொல்லிவிடுகிறேன், இதை நல்ல படம் என்று நான் வாதாட வரவில்லை. வசனம் பல இடத்தில் நாடகத்தனம். எல்லோருக்கும் துக்கம், எல்லோருக்கும் அழுகை. ‘இவர்களைப் பரிதாபமாகவே காட்டுகிறார்கள்’ என்று யாராவது கீழே எழுதினால் அது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் இந்த முறை என் கண் வேறு இடத்துக்குப் போனது. வாசலில் வருகிறவர்களின் குளிர்கோட்டுகளை வாங்கி வைக்கும் வேலைக்கு ஒரு பெண். ஃபேனி ஃப்ளாக் நடித்தது. கிறிஸ்துமஸ் ராத்திரி அவளுக்கும் வேலை. ஊரே வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் இவர்கள் போக ஒரு கதவு திறந்திருக்கிறது, அதைத் திறந்து வைக்க சில பேர் நின்று வேலை செய்கிறார்கள். சூளைமேட்டு அறையும் எங்களுக்கு அப்படி ஒரு கதவுதான். அதற்குள் உட்கார்ந்துகொண்டு அந்தப் படத்தைத் திட்டியிருக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கல்யாணம் ஆகாதவனுக்குப் பண்டிகை கிடையாது என்று எந்த மேலாளர்கள் முடிவு செய்தார்கள்? 11 வருஷம் அந்த ஹோட்டலில் இருந்தேன். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 ராத்திரி எதுவானாலும் டூட்டி சார்ட்டில் என் பெயர் இருக்கும். கேட்டால், “உனக்கென்னப்பா, பொண்டாட்டியா புள்ளையா?” என்பார்கள். அப்பா உயிரோடு இருந்த கடைசி தீபாவளிக்கு ஒரே ஒரு நாள் லீவு கேட்டேன். அதற்கும் இதே பதில். குடும்பஸ்தர்களுக்கு லீவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறை போட்டுப் பிரிப்பதில் என்ன கஷ்டம்? இன்றைக்கும் நர்ஸ்கள், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள், கால் சென்டர் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இதுதான் நடக்கிறது. தனியாக இருப்பவனுக்கும் அம்மா அப்பா உண்டு, காத்திருக்கிற நண்பர்கள் உண்டு.

சரி, படத்துக்கு வருகிறேன். கரென் ஆடும் காட்சி வந்தது. அடி விழப்போகிறது என்று நமக்குத் தெரியும், அந்த முகத்தில் அது இல்லை. கொஞ்ச நேரம் அவளை அவளாக மட்டும் ஒருவன் கையில் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். ரிமோட்டை எடுத்து அங்கேயே நிறுத்தினேன்.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது சேலத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். படத்தின் பெயர் நினைவில்லை, “அந்தப் பொண்ணு ஆடுமே, அதா?” என்றார். “இப்ப என்ன பண்ணுது அது?” என்று கேட்டார். கேண்டி டார்லிங் 1974லேயே புற்றுநோயில் போய்விட்டார், வயது 29 என்று சொன்னேன். மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது.

“29 தானா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தீபாவளிக்கு வா தம்பி, லீவு போட்டுட்டு வா” என்றார்.