சிஎஸ்ஆர் செலவு கூடினால் வங்கி லாபம் கூடுமா? ஈரோடு தம்பிக்கு

வணக்கம் தம்பி. சிஎஸ்ஆருக்கு, அதாவது நிறுவனங்கள் செய்யும் சமூகப் பணிகளுக்கு, அதிகம் செலவழித்த வங்கிகளுக்கு லாபமும் அதிகம் என்று உங்கள் எம்பிஏ ஆய்வேட்டில் கணக்கு வந்திருக்கிறது, ஆனால் ‘இது நிரூபணம் ஆகாது’ என்கிறார் வழிகாட்டி என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரி.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவைப் படியுங்கள். அந்தப் பிரிவுக்குள் வரும் கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தை சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டும். அதாவது லாபம் ஏறினால் இந்தச் செலவும் தானாக ஏறும். எது எதை இழுக்கிறது என்பதை நீங்கள் தலைகீழாகப் பிடித்துவிட்டீர்கள்.

மொத்தத் தொகையை விடுங்கள். கட்டாயத்துக்கு மேல் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எடுத்து, அடுத்த 3 ஆண்டு டெபாசிட் வளர்ச்சி, வாராக்கடன் விகிதத்தோடு வைத்துப் பாருங்கள். ஆண்டறிக்கையின் சிஎஸ்ஆர் இணைப்பில் கட்டாயத் தொகையும் செலவிட்ட தொகையும் தனித்தனியே இருக்கும்.

அப்புறம், ஸ்டேட் வங்கியையும் கரூர் வைசியாவையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். ஸ்டேட் வங்கி 1955ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் அமைந்தது. 135ஆம் பிரிவு அதைக் கட்டாது. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கியையும் விட்டுவிட வேண்டாம். நிலைத்த வங்கிகளை மட்டும் எடுத்தால் முடிவு அழகாகத்தான் வரும்.

கோபி பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் வேலையில் இருந்தபோது, மஞ்சள் விற்ற பணத்தோடு வந்த ஒரு அம்மா, “பள்ளிக்கூடத்துல நீங்க வெச்ச தொட்டித் தண்ணியத்தானுங்க எம்புள்ள குடிக்குது” என்று சொல்லிவிட்டுக் கணக்குத் தொடங்கினார். அந்த மாதிரிக் கணக்குகள் அந்த ஆண்டு லாபத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் 3 ஆண்டு இடைவெளி கேட்கிறேன்.