டர்பன் அக்கா பதில்கள்: சர்வர் அறைக் கேள்விகள்

கே: அக்கா, நான் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2025இல் தென்னாப்பிரிக்காவில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15இலிருந்து 15.5 சதவீதம் ஆகப்போகிறது என்றதும், எங்கள் கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் எஸ்ஏபி மென்பொருளின் ஆலோசகர் பழைய வரிக் குறியீட்டிலேயே 15ஐ அழித்து 15.5 போட்டார். அரசாங்கம் பின்வாங்கிய பிறகும் மே இரண்டாம் வாரத்தில்தான் திரும்ப 15 ஆக்கினார். இன்றைக்கும் அந்த மாத ரிப்போர்ட் ஒத்துவரவில்லை. ஆடிட்டர் குடைகிறார். என்ன செய்யலாம்?
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

ப: அந்த ஏப்ரலை நம் ஊரில் கணக்கறைப் பக்கம் போன யாரும் மறக்க மாட்டார்கள். மே 1 முதல் அரை சதவீதம், அடுத்த ஏப்ரலில் இன்னொரு அரை என்று மார்ச் 12ஆம் தேதி பட்ஜெட்டில் நிதியமைச்சர் எனோக் கோடோங்வானா அறிவித்தார். ஏப்ரல் 24, வியாழக்கிழமை, அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை 28 விடுமுறை, மே 1 தொழிலாளர் தினம். நடுவில் மிஞ்சியது மூன்றே வேலை நாள். நிலைமை தெரிந்துதான் வரித்துறையான சார்ஸும், மாற்றியவர்கள் திருப்பிக்கொள்ள மே 15 வரை அவகாசம் கொடுத்தது. ஆகவே உங்கள் ஆலோசகர் தாமதித்ததில் எனக்குக் குறையில்லை. அவர் பழைய குறியீட்டின் மேலேயே எழுதினாரே, அதில்தான் குறை.

ஏன் என்று சொல்கிறேன். பதிவாகிவிட்ட பில்லில் உள்ள வரித்தொகையை எஸ்ஏபி தொடாது; பிறகு நீங்கள் விகிதத்தை என்ன செய்தாலும் அது அப்படியே இருக்கும். ஆனால் அதே குறியீட்டை வைத்துப் புதிதாகக் கணக்குப் போடும் எதுவும் அன்றைக்கு என்ன விகிதம் இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும். வரிக்கு முன் 400 ரேண்ட் விலையுள்ள பெயின்ட் டின் ஒன்றை மே 5ஆம் தேதி விற்றீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் 462. அதே மாதம் 20ஆம் தேதி வாடிக்கையாளர் டின்னைத் திருப்பிக் கொண்டுவருகிறார். கிரெடிட் நோட் 460க்கு வருகிறது. அவர் கணக்கில் 2 ரேண்ட் தொங்குகிறது. ஒரு டின் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம், லாரி லோடு என்றால் விட முடியுமா? ரிப்போர்ட்டிலோ 15ம் 15.5ம் ஒரே குறியீட்டுக்குள் கலந்து கிடக்கும். அடிப்படைத் தொகையை 15ஆல் பெருக்கிப் பார்க்கிற ஆடிட்டருக்கு வரி கூடுதலாகத்தான் தெரியும். அவர் குடைவதில் நியாயம் இருக்கிறது.

பழைய குறியீடு 15லேயே இருக்கட்டும். 15.5க்கு என்று தனியாக ஒரு குறியீடு திறந்து, விவரக் குறிப்பில் ‘2025 மே திருத்தத்துக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். 15.5இல் போன பில்களை எடுத்து, எந்த விகிதத்தில் பில்லோ அதே விகிதத்தில் கிரெடிட் நோட் போட்டு, 15இல் மறுபில் கொடுங்கள். வரிப் படிவத்தில் எதை எந்த மாதம் காட்டுவது என்பதை மட்டும் உங்கள் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். அது என் மேசைக்கு வரும் வேலை இல்லை. எல்லாம் முடிந்ததும் புதிய குறியீட்டைப் பூட்டிவிடுங்கள். அழித்துவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. விகிதம் குறியீட்டில் மட்டும் இருப்பதாக நம்புகிறோம். பில் அச்சடிக்கும் படிவத்தில் ‘வாட் 15%’ என்று வெறும் எழுத்தாக யாரோ அடித்து வைத்திருப்பார்கள். கவுன்ட்டர் மெஷினில் தனியாக ஒன்று இருக்கும். வரி உள்ளடங்கிய விலையிலிருந்து வரியைப் பிரிக்க 23இல் 3 என்ற பின்னத்தை ஏதோ ஒரு புரோகிராமில் எண்ணாகவே எழுதியிருப்பார்கள். 15ஐ 115ஆல் வகுத்தால் அதுதானே வரும். 14 சதவீதமாக இருந்தபோது அது 57இல் 7. 15.5 ஆகியிருந்தால் 231இல் 31. இந்த நாட்டில் வாட் 1991இல் 10இல் தொடங்கி, 1993இல் 14 ஆகி, 2018 ஏப்ரல் 1ஆம் தேதிதான் 15 ஆனது. கால் நூற்றாண்டு அசையாமல் இருந்த எண்ணை புரோகிராம் எழுதுகிறவர் மாறிலி என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று இப்போதே ஒரு பட்டியல் போட்டு, அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அந்தப் பட்டியலை ஆலோசகரின் லேப்டாப்பில் விடாதீர்கள். உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.

கே: காலை ஏழு மணிக்கு எஸ்ஏபியில் பின்னணியில் தொடங்கிய ஸ்டாக் மதிப்பீட்டு ஜாப் மத்தியானம் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. மேனேஜர் ‘கில் பண்ணு, இல்லாவிட்டால் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு’ என்கிறார். செய்யலாமா?
(வாசகி, பைன்டவுன்)

ப: மேனேஜரை முதலில் சாப்பிடப் போகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில், ஓடும் வேலைகளைக் காட்டும் எஸ்எம்50 திரையைத் திறந்து பாருங்கள். ஜாப் எந்த டேபிளில் நிற்கிறது, என்ன செய்கிறது என்று அங்கே ஒரு வரி இருக்கும். இரண்டு மூன்று முறை ரெஃப்ரெஷ் அடியுங்கள். டேபிளின் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மெதுவாகச் செய்கிறது, அவ்வளவே. திரையில் உட்கார்ந்து ஓட்டும் வேலையைத்தான் எஸ்ஏபி பத்து நிமிஷத்தில், அதாவது வழக்கமாக வைக்கும் 600 வினாடியில், வெட்டிவிடும். பின்னணி ஜாப்புக்கு அந்தக் கெடு கிடையாது. நாள் முழுக்க ஓடினாலும் அது தப்பில்லை.

ஒரே டேபிளில் அசையாமல் நின்றால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று காட்டும் டிபி01 திரையைப் பாருங்கள். இன்னொருவர் டேட்டாபேஸ் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் பார்த்தவரை பெரும்பாலும் அது இன்னொரு ஜாப்பாகத்தான் இருக்கும். நேற்று ராத்திரி முடிந்திருக்க வேண்டியது முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது கேள்வியே மாறிவிடுகிறது: இரண்டில் எதை நிறுத்துவது?

நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியவுடன் எல்லாம் முடிந்துவிடாது. அதுவரை எழுதி, இன்னும் கமிட் ஆகாத, அதாவது உறுதியாகாத, அத்தனையையும் டேட்டாபேஸ் திரும்பப் பிரிக்கும். கட்டி முடிக்காத பூச்சரத்தை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பது போல, கட்டின நேரமே பிரிக்கவும் ஆகலாம். நடுவில் பொறுமை இழந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், டேட்டாபேஸ் எழுந்திருக்கும்போது விட்ட இடத்திலிருந்து அதே வேலையைத்தான் செய்யும். இப்போது ஒரு ஆளுக்குப் பதில் கம்பெனியே உட்கார்ந்து காத்திருக்கும்.

எஸ்ஏபியின் பூட்டுப் பட்டியலான எஸ்எம்12இல் பூட்டைக் கண்டதும் அழிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அப்டேட் பட்டியலான எஸ்எம்13இல் அந்தப் பூட்டுக்குரிய அப்டேட் பாக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் அழித்தால், ஒரே ஆவணத்தை இரண்டு பேர் எழுதுவார்கள். பூட்டு எதற்காக இருக்கிறதோ அதுவே போய்விடும்.

கே: முதலாளி தனக்கும் எஸ்ஏபி_ஆல், அதாவது எஸ்ஏபியில் எல்லாவற்றையும் செய்யும் அதிகாரம் வேண்டும் என்கிறார். கம்பெனி அவருடையதுதானே?
(வாசகர், லெனேசியா)

ப: கம்பெனி அவருடையதுதான். சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றவும், அதே சப்ளையருக்குப் பணம் விடவும் ஒரே பாஸ்வேர்டு போதும் என்றால், அந்தப் பாஸ்வேர்டைத் திருடுகிறவனுக்கும் அது போதும். எல்லாவற்றையும் பார்க்க மட்டும் முடிகிற ரோல் ஒன்றைக் கொடுங்கள். எல்லாத் திரையும் திறந்தால் அவர் சந்தோஷப்படுவார்.

கே: எங்கள் தலைமை அலுவலகம் ஜோகன்னஸ்பர்க். தைப்பூசக் காவடி அன்று இங்கே எல்லாம் மூடியிருக்கும்போது பேமென்ட் ஜாப் மட்டும் ஓடி, வங்கிக்கு ஃபைல் அனுப்பிவிடுகிறது. மறுநாள் எங்களுக்குத்தான் தலைவலி.
(வாசகி, போர்ட் லூயி, மொரீஷியஸ்)

ப: உங்கள் ஊரில் காவடிக்கு அரசு விடுமுறை. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லீவு போட்டுத்தான் காவடி எடுக்கிறோம். ஜோகன்னஸ்பர்க்கில் ஜாப் போட்டவர் தென்னாப்பிரிக்கக் காலண்டரையே உங்களுக்கும் கொடுத்திருப்பார், அல்லது காலண்டரே கொடுத்திருக்க மாட்டார்.

எஸ்ஏபியின் காலண்டர் திரையான எஸ்சிஏஎல்லில் மொரீஷியஸுக்கு என்று தனி விடுமுறைக் காலண்டரும், அதன்மேல் எது வேலை நாள் என்று சொல்லும் தொழிற்சாலைக் காலண்டரும் வேண்டும். எஸ்ஏபிக்கு ஈஸ்டரைக் கணக்குப் போடத் தெரியும், பஞ்சாங்கம் தெரியாது. காவடி, மகா சிவராத்திரி, உகாதி, தீபாவளி, ஈத் எல்லாம் மிதக்கும் விடுமுறை என்ற வகையில் வருஷா வருஷம் கையால்தான் ஏற்ற வேண்டும். அரசாங்கப் பட்டியல் வந்த வாரமே ஏற்றிவிடுங்கள். எங்கள் காலண்டரை நகலெடுத்து வேலையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். இங்கே விடுமுறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் திங்களும் விடுமுறை என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். அந்த விதியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும். காலண்டருக்கு எந்த ஆண்டுவரை செல்லும் என்ற எல்லையும் இருக்கிறது. அது தீர்ந்துபோனால் ஜனவரி முதல் வாரமே ஆர்டர்கள் பிழை காட்டும்.

பிறகு ஜாப்புக்கு நேரம் குறிக்கும் எஸ்எம்36 திரையில் அந்த ஜாப்பின் தொடக்க நிபந்தனையில் ‘கட்டுப்பாடுகள்’ என்று ஒரு பொத்தான் உண்டு. விடுமுறை என்றால் ஓடாதே, முந்தின வேலை நாளுக்குத் தள்ளு, அடுத்த வேலை நாளுக்குத் தள்ளு, இந்த மூன்றில் ஒன்றையும் காலண்டரையும் அங்கே தரலாம். பேமென்ட் என்றால் நான் முந்தின நாளுக்கே தள்ளுவேன்; சப்ளையர் போன் அடிக்க மாட்டார். ஒரு எச்சரிக்கை: காலண்டர் கிளையன்ட்டுக்கு, அதாவது ஒரே சிஸ்டத்துக்குள் தனியாகப் பிரித்து வைத்த பகுதிக்கு, கட்டுப்பட்டது இல்லை. ஒரு கிளையன்ட்டில் விளையாட்டாக மாற்றினால் அதே சிஸ்டத்தில் உள்ள எல்லாக் கிளையன்ட்டிலும் மாறிவிடும்.

கே: காலை நான்கு மணிக்கு ஓட வேண்டிய டெலிவரி ரிப்போர்ட் அக்டோபர் கடைசியிலிருந்து ஐந்துக்கு ஓடுகிறது. யாரும் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.
(வாசகர், ஃபீனிக்ஸ்)

ப: சத்தியம் உண்மைதான். உங்கள் சர்வர் ஜெர்மனியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் வைப்பார்கள். அவர்கள் கோடையில் அவர்கள் நேரமும் நம் நேரமும் ஒன்று, அவர்கள் குளிர்காலத்தில் நாம் ஒரு மணி நேரம் முன்னால். நம் நாட்டில் கடிகாரத்தைத் தள்ளி வைத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். மொரீஷியஸில் 2008இல் ஒரு பருவம் செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டார்கள். புத்திசாலிகள்.

தென்னாப்பிரிக்காவுக்கு மட்டுமான சர்வர் என்றால் அதன் நேர மண்டலத்தை நம் நேரத்துக்கே மாற்றச் சொல்லுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்திலும், எஸ்ஏபியின் நேர மண்டலத் திரையான எஸ்டிஇசட்ஏசியிலும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஒன்றை விட்டால் வேறு வம்பு. ஐரோப்பியக் கிளைகளும் அதே சர்வரில் இருந்தால் ஜாப்பை ஒரு மணி நேரம் முன்னதாக, மூன்றுக்கே வைத்துவிடுங்கள். அவர்கள் கோடையில் சீக்கிரம் முடிந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. அக்டோபர் ராத்திரியில் ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறதே, அப்போது என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தையும் எஸ்ஏபி தன் கடிகாரத்தைப் பாதி வேகத்தில் ஓட்டிச் சமாளிக்கிறது. ஒரே நேரம் இரண்டு முறை பதிவாகாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

கே: எங்களுடையது எஸ்ஏபியின் பழைய தலைமுறையான ஈசிசி. 2027இல் நின்றுவிடும் என்கிறார்களே?
(வாசகர், டொங்காட்)

ப: நிற்காது. 2027 முடிவோடு எஸ்ஏபியின் வழக்கமான பராமரிப்பு நிற்கிறது; கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 முடியும்வரை நீளும். அதுவும் மேம்பாட்டுத் தொகுப்பு 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு. 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வழக்கமான பராமரிப்பு 2025 முடிவோடு முடிந்தது. உங்களுடையது எது என்று இன்றைக்கே பாருங்கள். ‘சிஸ்டம்’ மெனுவில் ‘ஸ்டேட்டஸ்’ திறந்தால் தெரியும்.

கே: அக்கா, காலேஜ் முடித்துவிட்டேன். இந்த வேலை கற்றுக்கொள்ள ஆசை. கோர்ஸ் கட்டணத்தைக் கேட்டாலே மயக்கம் வருகிறது.
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: தம்பி, கட்டணத்தை அப்புறம் பார்ப்போம். எஸ்ஏபி போலவே கம்பெனி வேலைகளைப் பார்க்கும் ஓடூ என்ற மென்பொருளின் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். லேப்டாப்பில் ஏற்று. டெவலப்பர் மோடைத் திறந்தால் ‘திட்டமிட்ட செயல்கள்’ என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஒன்றை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைத்து, லாகில் அது வருகிற வரியைத் தேடிப் பிடி. நேரங்களை ஓடூ யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சேமிக்கும், நம் நேரத்துக்கு இரண்டு மணி பின்னால். அந்த வித்தியாசத்தை உன் கண்ணாலேயே பார். அடுத்து வேண்டுமென்றே ஒரு செயலை உடைத்து, என்ன பிழை வருகிறது என்று படி. லினக்ஸும் எஸ்க்யூஎல்லும் பக்கத்திலேயே நடக்கட்டும். எஸ்ஏபி கோர்ஸுக்குப் போவதாக இருந்தால் இதெல்லாம் கைவந்த பிறகு போ. அங்கே என்ன கேட்பது என்று உனக்கே தெரிந்திருக்கும்.